சந்திரா காப்பகமும் சியாவோ மென்பொருளும்: காரைக்குடி மேசையிலிருந்து தொலைதூரக் கேலக்ஸிக் கொத்துகள்

எம்.எஸ்சி. இயற்பியல் கடைசி செமஸ்டரில் வானியல் புராஜெக்ட் என்று சொன்னால் காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் உடனே வரும் கேள்வி, "டெலஸ்கோப்புக்கு எங்கே போவது?" என்பது. எக்ஸ்ரே வானியலுக்கு இந்தக் கேள்வியே எழாது. எக்ஸ்ரே கதிர்கள் காற்றுமண்டலத்தைத் தாண்டித் தரைக்கு வருவதில்லை என்பதால் கொடைக்கானலில் உட்கார்ந்தாலும் கானாடுகாத்தானில் உட்கார்ந்தாலும் ஒன்றுதான். ஐப்பசி அடைமழையும் தடையில்லை. கருவி விண்ணில் சுற்றுகிறது. அது எடுத்த தரவு, அதிகபட்சம் ஓராண்டுக்குள், யார் வேண்டுமானாலும் இறக்கிக்கொள்ளும்படி இணையத்துக்கு வந்துவிடுகிறது.

இந்த மதிப்புரை அப்படிப்பட்ட ஓர் இலவசச் சேவையைப் பற்றியது: நாசாவின் சந்திரா எக்ஸ்ரே ஆய்வகத்தின் தரவுக் காப்பகம், அதனுடன் வரும், தரவை அலசும் சியாவோ மென்பொருள், படம் பார்க்கும் டிஎஸ்9. அளவுகோல் ஒன்றுதான். எட்டு ஜிபி நினைவகம் உள்ள ஒரு மடிக்கணினி, வீட்டு பிராட்பேண்ட், ஒரு செமஸ்டர் காலம் ஆகியவற்றை வைத்துக்கொண்டு, ஒளி கிளம்பி 900 கோடி ஆண்டுகள் ஆன ஒரு கேலக்ஸிக் கொத்தின் வெப்பநிலையைச் சரியாக அளக்க முடியுமா? முடியும். ஆனால் வழியில் மூன்று நான்கு இடங்களில் சறுக்கும். எங்கே, ஏன் என்று தெரிந்து இறங்குவது நல்லது.

முதலில் அளக்கும் பொருளைப் பார்ப்போம். கேலக்ஸிக் கொத்தில் கண்ணுக்குத் தெரியும் கேலக்ஸிகள் சொற்பம். அவற்றுக்கு இடையே நிறைந்திருக்கும் வாயுவின் நிறை, எல்லா நட்சத்திரங்களின் மொத்த நிறையைப் போலப் பல மடங்கு. அது ஒரு கோடி முதல் பத்துக் கோடி டிகிரி வரை கொதிக்கிறது. அடர்த்தியோ ஒரு கன சென்டிமீட்டருக்கு ஆயிரத்தில் ஒரு துகள் என்ற அளவில்தான். இந்த வெப்பத்தில் எலெக்ட்ரான்கள் அயனிகளை உரசிப் போகும்போது எக்ஸ்ரே வெளிவருகிறது. காரைக்குடி மாணவர்களுக்கு எக்ஸ்ரே என்றால், சிக்ரி ஆய்வகத்திலும் அழகப்பா பல்கலைக்கழகத்திலும் பார்த்த எக்ஸ்ஆர்டி, அதாவது எக்ஸ்ரேயால் படிகங்களை ஆராயும் முறைதான் நினைவுக்கு வரும். அதில் செம்பின் கே-ஆல்ஃபா கோடு 8.04 கேஇவி (கிலோ எலெக்ட்ரான் வோல்ட், ஆற்றலின் அலகு) என்பதை உறக்கத்தில் கேட்டாலும் சொல்வார்கள். கொத்து வாயுவில் தேட வேண்டியது இரும்பின் கோடு. சாதாரண இரும்புக்கு அது 6.4 கேஇவி. இந்த வெப்பத்தில் இரண்டு எலெக்ட்ரான் தவிர மற்றதெல்லாம் உதிர்ந்துவிட்ட இரும்புக்கு 6.7. செம்பு 8.04-ஐயும் மறந்துவிட வேண்டாம், கீழே தேவைப்படும்.

தூரம் கூடக் கூட இந்தக் கோடு தாழ்ந்த ஆற்றலுக்கு நகரும் (இந்த நகர்வின் அளவே செம்பெயர்ச்சி), படமும் மங்கும். மேற்பரப்பு ஒளிர்வு, செம்பெயர்ச்சியுடன் ஒன்றைக் கூட்டி, அதன் நான்காம் படியால் வகுத்த அளவுக்குக் குறைகிறது. செம்பெயர்ச்சி 1.39 என்றால் 33 மடங்கு மங்கல். ஆறுதலான விஷயம் ஒன்று உண்டு. செம்பெயர்ச்சி 1-ஐத் தாண்டிய பிறகு ஒரு விகலைக்குள் (டிகிரியில் 3600-ல் ஒரு பங்கு; 60 விகலை ஒரு கலை) அடங்கும் நீளம் ஏறக்குறைய 8 கிலோபார்செக்கிலேயே, அதாவது சுமார் 26,000 ஒளியாண்டிலேயே நிற்கிறது. அதனால் எவ்வளவு தூரத்தில் இருந்தாலும் கொத்து ஒரு புள்ளியாகச் சுருங்கிவிடாது. அரை கலை, ஒரு கலை அளவில் பரவிய மங்கல் திட்டாகவே தெரியும். எக்ஸ்ரேயில் கொத்தைக் கண்டுபிடிப்பதன் சூட்சுமமே, புள்ளிகளுக்கு நடுவே இந்தத் திட்டை அடையாளம் காண்பதுதான்.

காப்பகத்தை ஏன் இவ்வளவு மதிக்க வேண்டும் என்பதற்கு எக்ஸ்எம்எம்யு ஜே2235.3-2557 என்ற கொத்தே சாட்சி. அதைத் தேடி யாரும் தொலைநோக்கியைத் திருப்பவில்லை. ஐரோப்பாவின் எக்ஸ்எம்எம்-நியூட்டன், என்ஜிசி 7314 என்ற பக்கத்துக் கேலக்ஸியைப் பார்த்துக்கொண்டிருந்தபோது அதே சட்டத்தின் ஓரத்தில் விழுந்த 280 ஃபோட்டான்கள் அவை. பழைய தரவைக் கிளறியவர்கள் அதைப் பரவிய மூலம் என்று கண்டு, சிலியில் உள்ள விஎல்டி தொலைநோக்கியால் செம்பெயர்ச்சி 1.39 என்று உறுதி செய்தார்கள். அது 2005-ல் வெளியானது. அடுத்த ஆண்டே 1.46-ல் இன்னொன்று, அதுவும் எக்ஸ்எம்எம் காப்பகத்தைச் சலித்ததில் கிடைத்தது. இன்று எக்ஸ்ரே காட்டும் கொத்துகளில் மிகத் தொலைவில் இருப்பவற்றுள் ஒன்றான சிஎல் ஜே1001+0220, செம்பெயர்ச்சி 2.506, 2016-ல் அறிவிக்கப்பட்டது. அதில் சந்திராவின் பங்கு பெரிது.

சந்திராவின் பலம் கூர்மை. 1999 ஜூலை 23-ல் கொலம்பியா விண்ணோடத்தில் ஏறிப்போன இந்தத் தொலைநோக்கிக்கு, சென்னை மாநிலக் கல்லூரியில் படித்த சுப்பிரமணியன் சந்திரசேகரின் பெயர். அரை விகலை வரை பிரித்துப் பார்க்கும் எக்ஸ்ரே தொலைநோக்கி இதைத் தவிர வேறில்லை. தொலைதூரக் கொத்தின் நடுவிலோ பக்கத்திலோ மையக் கருந்துளை வாயுவை விழுங்குவதால் பளிச்சென்று ஒளிரும் கேலக்ஸி ஒன்று இருந்தால், மற்றக் கருவிகளில் அதன் ஒளி கொத்தின் ஒளியோடு கலந்துவிடும். சந்திராவில் அதை ஒரு சிறு வட்டமாக வெட்டி எறியலாம். கொத்தின் வெப்பநிலையை நம்பலாமா கூடாதா என்பது பல நேரங்களில் இந்த வெட்டில்தான் இருக்கிறது.

தேடும் பக்கத்தின் பெயர் சேசர். பொருளின் பெயரையோ வானில் அது இருக்கும் இடத்தின் ஆயத்தொலைவையோ கொடுத்தால் அவதானிப்பு எண், கருவி, வெளிப்பாட்டு நேரம் எல்லாம் வரும். ஏசிஸ் என்ற கேமராவை மட்டும் தேர்ந்தெடுங்கள். கிரேட்டிங் (ஒளியை அலைநீளவாரியாகப் பிரிக்கும் கீற்றணி) போட்டு எடுத்தவற்றை ஒதுக்கிவிடுங்கள். நேரம் கிலோ விநாடியில் இருக்கும். ஜே2235-க்கு சந்திரா செலவிட்டது மொத்தம் 196 கிலோ விநாடி, அதாவது இரண்டேகால் நாள். பலரும் கவனிக்காத ஒன்று, எடுத்த ஆண்டு. ஏசிஸின் ஒளித்தடுப்பு வடிகட்டியில் ஆண்டுக்கு ஆண்டு படலம் படிந்துகொண்டே வந்ததால் 1 கேஇவிக்குக் கீழே உணர்திறன் வெகுவாகக் குறைந்துவிட்டது. தொலைதூரக் கொத்தின் ஒளி பெரும்பாலும் தாழ்ந்த ஆற்றலுக்கு நகர்ந்துவிடுவதால் இந்த இழப்பு நேராக நம் தலையில் விழும். ஒரே இலக்குக்கு 2003 தரவும் 2020 தரவும் இருந்தால், நேரம் சமமாக இருந்தாலும் பழையதில்தான் ஃபோட்டான் அதிகம்.

நிறுவுவதற்குக் கோண்டா என்ற மென்பொருள் நிறுவி வழி எளிது. சியாவோ, தரவுக்கு மாதிரி பொருத்தும் ஷெர்பா, டிஎஸ்9, அளவுத்திருத்தக் கோப்புகள் எல்லாம் ஒரே கட்டளையில் வரும். மொத்தம் சில ஜிபி இறங்கும். விண்டோஸில் நேரடியாக ஓடாது என்பது ஒரு குறைதான், ஏனென்றால் கல்லூரி ஆய்வகக் கணினிகள் பெரும்பாலும் விண்டோஸ். டபிள்யூஎஸ்எல் போட்டு அதற்குள் லினக்ஸில் நிறுவினால் ஓடும். வட்டில் 40 ஜிபி காலியாக வைத்துக்கொள்ளுங்கள். தரவை இறக்க 'டவுன்லோட் சந்திரா ஆப்சிட்' என்ற நிரலைப் பயன்படுத்துங்கள், உலாவியில் இறக்க வேண்டாம். சித்திரை, வைகாசியில் நடுவே கரண்ட் போனாலும், முழுதாக இறங்கிய கோப்புகளை விட்டுவிட்டு மீதியை மட்டும் கேட்கும். நிறுவவே முடியாத கணினி என்றால் சைசர்வரில் இலவசக் கணக்கு தொடங்கலாம். சியாவோவும் மற்ற எக்ஸ்ரே மென்பொருள்களும் அங்கே தயாராக இருக்கின்றன, உலாவி மட்டும் போதும்.

இறக்கியதும் முதல் கட்டளை 'சந்திரா ரீப்ரோ'. இது புதிய அளவுத்திருத்தத்தைப் போட்டு நிகழ்வுக் கோப்பை மறுபடி உருவாக்கும். அவதானிப்பு விஃபெயின்ட் (மங்கலான பொருளுக்கான பதிவு முறை) முறையில் எடுக்கப்பட்டிருந்தால் 'செக் விஎஃப் பிஎச்ஏ' என்பதை 'யெஸ்' ஆக்குங்கள். துகள் பின்னணி குறையும், மங்கலான கொத்துக்கு இது பெரிய லாபம். பிரகாசமான பொருளுக்கு இதையே செய்தால் உண்மையான ஃபோட்டான்களும் போய்விடும். பிறகு 'ஃப்ளக்ஸ்இமேஜ்' கொண்டு 0.5 முதல் 7 கேஇவி வரை படமும் வெளிப்பாட்டு வரைபடமும் எடுக்கலாம். பின்சைஸ் (எத்தனை பிக்சலை ஒன்றாகச் சேர்ப்பது என்ற எண்) கொடுக்காவிட்டால் 8 என்று எடுத்துக்கொள்ளும். அது சிறு புள்ளிகளை ஒட்டிவிடும், 2 அல்லது 4 கொடுங்கள். டிஎஸ்9-இல் லாக் அளவில் திறந்தால் முதலில் ஒன்றுமே தெரியாது, கறுப்பில் சிதறிய புள்ளிகள் மட்டும். ஸ்மூத் ஆரத்தை மூன்று, நான்கு பிக்சலுக்குக் கொண்டுபோனால் திட்டு மெல்ல எழும்பும்.

இங்கேதான் முதல் சறுக்கல், அதுவும் பெரிய சறுக்கல். சந்திராவின் அரை விகலைக் கூர்மை சட்டத்தின் நடுவில் மட்டும்தான். நடுவிலிருந்து 10 கலை தள்ளிப் போனால் ஒரு வெறும் புள்ளி மூலமே பத்து விகலை அளவுக்குப் பரவி, நீள்வட்டமாக இழுபட்டுத் தெரியும். ஓரத்தில் கிடக்கும் சாதாரண குவேசாரைப் (கருந்துளையால் ஒளிரும் தொலைதூரக் கேலக்ஸி மையம்) "புதிய கொத்து" என்று எடுத்துக்கொள்ளும் ஆபத்து இதில் இருக்கிறது. தீர்வு, ஒவ்வோர் இடத்திலும் புள்ளியின் அளவு எவ்வளவு இருக்க வேண்டும் என்று சொல்லும் பிஎஸ்எஃப் வரைபடம். 'ஃப்ளக்ஸ்இமேஜ்' ஓட்டும்போதே அதையும் கேட்டு வாங்கி, மூலங்களைத் தேடும் 'வேவ்டிடெக்ட்'டுக்கு 1, 2, 4, 8, 16 என்ற அளவுகளோடு கொடுங்கள். கிடைத்த மூலத்தின் அளவு அந்த இடத்தின் பிஎஸ்எஃப் அளவைத் தெளிவாகத் தாண்டினால் மட்டுமே பரவியது என்று சொல்லலாம். சமமாக இருந்தால் அது புள்ளிதான், மனசு எவ்வளவு ஆசைப்பட்டாலும்.

பரவியது என்று உறுதியானாலும் கொத்து என்று உறுதியாகாது. தொலைதூரத்தில் ரேடியோ கேலக்ஸிகளின் பக்கவாட்டு மடல்களும் எக்ஸ்ரேயில் ஒளிரும். அங்குள்ள எலெக்ட்ரான்கள் பிரபஞ்சப் பின்னணி ஒளியை எக்ஸ்ரேயாக உயர்த்துகின்றன. பின்னணி ஒளியின் ஆற்றல் அடர்த்தி அதே நான்காம் படியில் கூடுவதால் இந்த மடல்கள் தூரத்தால் மங்குவதே இல்லை. அதனால்தான் இவை ஏமாற்றும். புனே அருகே உள்ள ஜிஎம்ஆர்டி ரேடியோ தொலைநோக்கி எடுத்த 150 மெகாஹெர்ட்ஸ் டிஜிஎஸ்எஸ் வரைபடத்தை டிஎஸ்9-இல் மேலே பொருத்திப் பாருங்கள். இரட்டை மடல் தெரிந்து, எக்ஸ்ரே திட்டும் அதே திசையில் நீண்டிருந்தால் சந்தேகப்படுங்கள். அடுத்து ஒளிப்படம். செம்பெயர்ச்சி 1.39-இல் கேலக்ஸிகளின் 4000 ஆங்ஸ்ட்ராம் முறிவு (அதற்குக் குறைந்த அலைநீளத்தில் ஒளி சட்டென்று குறையும் இடம்) 9560-க்குப் போய்விடும், ஆகவே சாதாரண சிவப்பு வடிகட்டிப் படத்தில் ஒன்றும் இல்லையென்று கைவிட்டுவிடக் கூடாது. சிவப்புக்கும் அப்பால் உள்ள இசட் பட்டையும் வைஸ் விண்கலத்தின் அகச்சிவப்புப் படமும் பார்க்க வேண்டும். இதற்கெல்லாம் இஎஸ்ஏஸ்கை என்ற உலாவிச் சேவை அருமை. ஒன்றும் நிறுவாமல் எல்லா அலைநீளமும் ஒன்றன்மேல் ஒன்றாகத் திறக்கும். புராஜெக்டின் முதல் வாரத்தை அதிலேயே கழிக்கலாம்.

நிறமாலை எடுக்குமுன் ஒளித்தெறிப்பு நேரங்களை, அதாவது துகள் பின்னணி திடீரென்று எகிறும் நேரங்களைக் கழிக்க வேண்டும். மூலங்களை எல்லாம் நீக்கிய பகுதியில் 260 விநாடி அளவுக்குப் பிரித்து ஒளிக்கோடு (நேரத்தோடு எண்ணிக்கை மாறுவதைக் காட்டும் வரைபடம்) எடுத்து 'டீஃப்ளேர்' ஓட்டுங்கள். ஏசிஸ்-எஸ்3 சில்லு ஏசிஸ்-ஐ சில்லுகளைவிட இதற்கு அதிகம் ஆளாகும். பின்னணிக்கு இரண்டு வழி உண்டு. கொத்து சிறியதாக இருப்பதால் அதே சட்டத்தில் வெறுமையான ஓர் இடத்தையே எடுத்துக்கொள்ளலாம், தொலைதூரக் கொத்துக்கு இதுவே மேல். பக்கத்துக் கொத்து சட்டம் முழுவதையும் அடைத்தால் 'பிளாங்க்ஸ்கை' என்ற தயார்நிலை வெற்றுவான் தரவு வேண்டும். அது 9–12 கேஇவி துகள் எண்ணிக்கையைச் சமப்படுத்தித் தரும்.

நிறமாலை எடுக்கும் 'ஸ்பெக்எக்ஸ்ட்ராக்ட்' ஓட்டும்போது பரவிய மூலத்துக்கு 'வெயிட்' யெஸ், 'கரெக்ட்பிஎஸ்எஃப்' நோ. இதை மாற்றிப் போட்டால் பிழைச்செய்தி எதுவும் வராது, ஒளிர்வு மட்டும் தப்பாக வரும். ஷெர்பாவில் மாதிரி, நம் பால்வீதியின் ஹைட்ரஜன் உறிஞ்சலுக்கு ஃபேப்ஸ், வாயுவுக்கு ஏபெக். செம்பெயர்ச்சியை நிலைநிறுத்துங்கள். உலோக அளவைச் சூரியனின் 0.3 என்று வைத்துத் தொடங்குங்கள். சில நூறு ஃபோட்டான்களை இருபது இருபதாகக் கட்டி கைவர்க்கம் (கை-ஸ்கொயர் பொருத்தம்) போடும் பழக்கம் எக்ஸ்ஆர்டியிலிருந்து தொற்றிக்கொண்டு வரும். இங்கே அது வெப்பநிலையைச் சாய்த்துவிடும், குறைந்த எண்ணிக்கைக்கு ஏற்ற 'டபிள்யூஸ்டாட்' என்ற புள்ளியியல் அளவுதான் சரி. எட்டு கேஇவி (ஏறக்குறைய ஒன்பது கோடி டிகிரி) வெப்பமுள்ள கொத்துக்கு 15 சதவீதத் துல்லியம் வேண்டுமென்றால் ஆயிரம் என்ற அளவில் ஃபோட்டான் வேண்டும்.

உலோக அளவைச் சொல்லும்போது சூரியனின் தனிம அளவுகளுக்கு எந்த அட்டவணை என்பதைக் கட்டாயம் எழுதுங்கள். மென்பொருள் தானாக எடுத்துக்கொள்ளும் 1989-ஆம் ஆண்டு அட்டவணையில் சூரியனின் இரும்பு, 2009 அட்டவணையைவிட ஒன்றரை மடங்கு அதிகம். அதனால் ஒரே தரவுக்கு ஒருவர் 0.2 என்பார், இன்னொருவர் 0.3 என்பார், இருவரும் சரி. இரும்புக் கோட்டிலும் ஒரு பொறி இருக்கிறது. 1.39-இல் அது 2.80 கேஇவியில் சுத்தமான இடத்தில் விழும். 2.5-இல் 1.91-க்குப் போகும். அங்கே ஒரு பக்கம் கருவியின் சிலிகான் கோடு 1.74, மறுபக்கம் தங்கக் கோடு 2.15, அத்துடன் ஆடியின் இரிடியம் விளிம்பு. அந்தச் சந்துக்குள் ஒரு சிறு மேட்டைப் பார்த்துவிட்டு இரும்பு என்று அறிவிப்பது அவசரம்.

எக்ஸ்எம்எம்-நியூட்டனோடு ஒப்பிட்டுத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். புதிய கொத்தைத் தேடுவதென்றால் எங்கள் ஓட்டு அதற்கே. மூன்று தொலைநோக்கி, அரை டிகிரிச் சட்டம், சந்திராவைவிடப் பல மடங்கு ஃபோட்டான். அதன் 4எக்ஸ்எம்எம் பட்டியலில் ஒவ்வொரு மூலத்துக்கும் பரவல் அளவு கணக்கிட்டே வைத்திருக்கிறார்கள். 6 விகலைக்குக் குறைந்தால் சுழியம், மேல்வரம்பு 80. சுழியம் அல்லாதவற்றை வடிகட்டினாலே வேலை தொடங்கிவிடும். ஆனால் புள்ளியே 15 விகலை வட்டத்தில் பாதி ஒளியைச் சிந்தும் என்பதால், நெருங்கிய இரண்டு குவேசார்கள் ஒரு கொத்தாக வேஷம் போடும். புரோட்டான் வெடிப்புகளில் சராசரியாக மூன்றில் ஒரு பங்கு நேரம் போய்விடும். மாஸ்1 கேமராவில் 2005-ல் ஒன்றும் 2012-ல் ஒன்றுமாக இரண்டு சில்லுகள் போனதால் படத்தில் ஓட்டை தெரிந்தால் பயப்பட வேண்டாம். பிஎன் கேமராவின் நிறமாலையில் 8.04-இல் பளிச்சென்று ஒரு கோடு நிற்கும். அது விண்ணிலிருந்து வந்ததல்ல, கருவியின் மின்பலகைச் செம்பு. எக்ஸ்ஆர்டி படித்தவர் ஒரு பார்வையில் பிடித்துவிடுவார். எக்ஸ்எம்எம்மின் சாஸ் மென்பொருள் சியாவோவைவிட நிறுவக் கடினம்.

வானம் முழுவதையும் அலசிய ஈரோசிட்டா எக்ஸ்ரே தொலைநோக்கியின் முதல் தரவு 2024 ஜனவரி 31-ல் வந்தது. உறுதி செய்த கொத்துகள் 12,247 உள்ள பட்டியல். புள்ளியியல் புராஜெக்டுக்குத் தங்கச் சுரங்கம், ஆனால் 1.32-க்கு மேல் அதில் கொத்து இல்லை. நம் ஆஸ்ட்ரோசாட் செயற்கைக்கோளின் எக்ஸ்ரே தொலைநோக்கியான எஸ்எக்ஸ்டி, விகலை அளவில் அல்லாமல் கலை அளவில்தான் பிரித்துப் பார்ப்பதால் இந்த வேலைக்குப் பொருந்தாது; பக்கத்துக் கொத்துகளுக்குப் பார்க்கலாம்.

சந்திரா சேவையின் குறைகள்: ஆவணங்கள் முழுக்க ஆங்கிலம், நூற்றுக்கணக்கான பக்கம், ஆனால் த்ரெட்ஸ் என்று படிப்படியான வழிகாட்டிகள் இருக்கின்றன, அவை மிக நன்றாக எழுதப்பட்டவை. பிழைச்செய்திகள் தொடக்கக்காரருக்குப் புரியாது. அளவுருக் கோப்பில் பழைய மதிப்பு தங்கிவிடும் என்பதால் ஒவ்வொரு கட்டளைக்கும் முன்னால், அதை அழித்துத் தொடக்க மதிப்புக்குக் கொண்டுவரும் 'பன்லேர்ன்' போடப் பழகுங்கள். உதவி மேசைக்கு அவதானிப்பு எண், பதிப்பு எண், முழுப் பிழைச்செய்தி மூன்றையும் சேர்த்து எழுதுங்கள். அழகான வண்ணப் படம் மட்டும் வேண்டுவோருக்கு இந்தப் பாடு தேவையில்லை, ஓப்பன்ஃபிட்ஸ் பக்கம் போதும். தொலைதூரக் கொத்தை ஆராயும் கருவி என்ற வகையில் ஐந்துக்கு நாலரை. புதியதைக் கண்டுபிடிக்கும் கருவி என்ற வகையில் மூன்று.

தொடங்குவோர் நேராக 1.39-க்குத் தாவ வேண்டாம். முதலில் ஏபெல் 1795. அளவுத்திருத்தத்துக்காக சந்திரா திரும்பத் திரும்பப் பார்த்த பிரகாசமான பக்கத்துக் கொத்து, தவறு செய்தாலும் விடை கிட்டத்தட்ட வந்துவிடும். அடுத்தது புல்லட் கொத்து, 0.296. அதிர்ச்சி அலையின் விளிம்பு கண்ணுக்கே தெரியும். பிறகு சிஎல் ஜே1226.9+3332, 0.89. அதற்குப் பிறகு ஜே2235. அதற்கு வெளியான வெப்பநிலை 8.6 கேஇவி, ஏறக்குறைய 1.3 கூடக்குறைய. உங்களுக்கு 7-க்கும் 10-க்கும் இடையே வந்தால் வழி சரி. 3.6 பக்கம் வந்தால் மாதிரியில் செம்பெயர்ச்சியைக் கொடுக்க மறந்து சுழியத்தில் விட்டிருக்கிறீர்கள். 15-ஐத் தாண்டிப் போனால் பின்னணிப் பகுதியைத் திறந்து பாருங்கள், கழிக்காத தெறிப்போ வெட்டாமல் விட்ட புள்ளி மூலமோ உள்ளே இருக்கும்.